வீட்டுக்கு அனுப்பியவர்கள்

ரேஞ்சரம்மா பணி ஓய்வு பெற இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. வனப் பூங்கா அலுவலகத்தில் அவளைத் தவிர எல்லோரும் அந்த நாட்களை எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

"மேடம், உங்க பேச்சுல அந்த டிராயிங் டீச்சர் கதையைக் கட்டாயம் சொல்லணும்," என்றாள் கிளார்க். வாயில் இரண்டு குண்டூசிகளைக் கவ்விக்கொண்டே பேசினாள். பிரிவுபசார விழாவுக்காகப் பழைய புகைப்படங்களைப் பலகையில் குத்திக்கொண்டிருந்தாள். நடுவில் கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு பாராட்டுச் சான்றிதழ். 'ஓடையில் காயமடைந்து கிடந்த பார்வையாளரைக் கண்டுபிடித்து, முதலுதவி செய்து, உயிர் காத்தமைக்காக.'

"அது எதுக்கு இப்ப?"

"எதுக்கா? முப்பத்தோரு வருஷ சர்வீஸ்ல ஒருத்தர் உயிரைக் காப்பாத்தியிருக்கீங்க. நான் இங்க வந்து இதுவரைக்கும் ஒரு பூனையைக்கூடக் காப்பாத்தல." கிளார்க் ஊசிகளைக் கையில் எடுத்துக்கொண்டாள். "சர்ப்ரைஸா வெச்சிருக்கணும். என் வாயிலதான் எதுவும் தங்காதே. டீச்சரையே விழாவுக்குக் கூப்பிட்டிருக்கோம். உங்களைப் பத்தி ரெண்டு வார்த்தை பேசறேன்னு ஒத்துக்கிட்டாங்க."

ரேஞ்சரம்மா நாற்காலியில் உட்கார்ந்து, மேசைமேல் இருந்த வரைபடத்தை இழுத்துப் பார்த்தாள். முப்பத்தோரு வருடமாக நடந்த பாதைகள். கண்ணை மூடினால் எந்த வளைவில் எந்த வேர் காலைத் தடுக்கும் என்பது தெரியும். அந்த வரைபடத்தையே அவள் முதன்முறையாகப் பார்ப்பவள் போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இத்தனை வருடமும் ஒரு விஷயத்தை அவள் நெஞ்சுக்குள் வைத்திருந்தாள். ஓய்வு பெறும்வரை அது அங்கேயே கிடக்கும், அப்புறம் தன்னோடு வீட்டுக்கு வந்துவிடும் என்று நினைத்திருந்தாள். இப்போது ஒரு காலை இழந்த அந்த டீச்சர் மேடையேறி, ஊரறிய அவளுக்கு நன்றி சொல்லப் போகிறாள். அதற்கு முன்னால் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் அந்த நன்றியையும் வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்குப் போக வேண்டும்.

வேலை என்னவென்று கேட்பவர்களுக்கு, "மரத்தைப் பார்த்துக்கிட்டு சம்பளம் வாங்கறது" என்று அவளே கேலியாகச் சொல்வாள். உண்மையில் பாதி நாள் மரத்தை நிமிர்ந்து பார்க்கக்கூட நேரம் இருக்காது. விழுந்த கிளையை அறுத்துப் பாதையைத் திறக்க வேண்டும். கோடைக்கு முன்னால் தீ பரவாமல் இருக்கச் சருகைக் கூட்டிக் கோடு வெட்ட வேண்டும். புதருக்குள் யாராவது கம்பிக் கண்ணி வைத்திருக்கிறார்களா என்று குனிந்து குனிந்து தேட வேண்டும். "மான் எத்தனை மணிக்கு வரும்?" என்று கேட்பவர்களுக்குச் சிரிக்காமல் பதில் சொல்ல வேண்டும். சாயங்காலம் ஐந்தரைக்குக் கதவை மூடுமுன் உள்ளே ஒருவரும் இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும்.

அதற்கு வாசலில் ஒரு பதிவேடு இருந்தது. பெயர், எத்தனை பேர், எந்தப் பாதை, உள்ளே போன நேரம். கடைசிக் கட்டம் காலியாக இருக்கும். திரும்பி வருகிறவர்கள் அதில் பென்சிலால் ஒரு டிக் போட்டுவிட்டுப் போக வேண்டும். பாதிப் பேர் மறந்துவிடுவார்கள். குழந்தை அழும், மழை தூறும், பேருந்து வந்துவிடும். டிக் இல்லாத பெயர் இருந்தால் வண்டி நிறுத்துமிடத்தைப் பார்க்க வேண்டும், போன் செய்ய வேண்டும், கிடைக்காவிட்டால் அந்தப் பாதையை ஒரு முறை முழுக்க நடந்து பார்த்துவிட்டு வர வேண்டும். இதுதான் விதி.

விதிப்படி அவர்கள் எத்தனையோ நாள் நடந்திருக்கிறார்கள். ஒரு தடவைகூட ஒருவரும் கிடைத்ததில்லை. எல்லோரும் என்றைக்கோ வீடு போய்ச் சேர்ந்து, சாப்பிட்டுப் படுத்திருந்தார்கள். நாளாக ஆக, வண்டி எதுவும் நிற்கவில்லை என்றால், வாசலில் இருப்பவரே அந்தக் காலிக் கட்டத்தில் டிக் போட்டுவிடுவது என்றாகிவிட்டது. அதற்கு அவர்களுக்குள் ஒரு பெயர்கூட உண்டு, 'வீட்டுக்கு அனுப்பறது'. "இன்னைக்கு நாலு பேரை வீட்டுக்கு அனுப்பிட்டேன்" என்பார் வாசல்காரர், பெரிய உபகாரம் செய்தவர் போல.

வாசல்காரரை எல்லோரும் ரேடியோ என்றுதான் கூப்பிட்டார்கள். வாக்கி டாக்கியில் சிக்னல் கிடைக்காத இடத்தில்கூட அவர் குரல் கிடைக்கும். ரேஞ்சரம்மாவைவிட ஐந்தாறு வயது பெரியவர். அவள் அவரை அண்ணே என்றாள்.

பதினேழு வருடத்துக்கு முன் ஒரு சாயங்காலம் ரேடியோ பின்பக்கக் கதவுக்குச் சங்கிலி போடப் போயிருந்தார். வாசல் அறையில் அவள் தனியாக நின்றாள். பதிவேட்டில் ஒரே ஒரு காலிக் கட்டம். ஒருவர், ஓடைப் பாதை, மதியம் இரண்டு பத்து. போன் நம்பர் எழுதவில்லை. வெளியே ஒரு வண்டியும் இல்லை. ஓடைப் பாதையை நடந்து வர ஒன்றேகால் மணி நேரம் ஆகும். கயிற்றில் கட்டித் தொங்கிய பென்சிலை எடுத்தாள். டிக் போட்டாள். ரேடியோ வந்து பதிவேட்டை எட்டிப் பார்த்து, "அட, இன்னைக்கு எல்லாரும் நல்ல பிள்ளைங்க" என்று சொல்லிப் பூட்டினார்.

அந்த ஒருவர் பேருந்தில் வந்திருந்தார்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு, ஓடையில் இரண்டு பாறைகளுக்கு நடுவே கால் சிக்கிக் கிடந்தவளைக் கண்டுபிடித்தது ரேஞ்சரம்மாதான். மழைக்கோட்டைக் கிழித்துக் கட்டினாள், வாக்கி டாக்கியில் ஆள் கூப்பிட்டாள், ஸ்ட்ரெச்சர் வரும்வரை அந்தத் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். "வந்துட்டீங்களா" என்று மட்டும் கேட்டாள் கிடந்தவள். பக்கத்தில் ஈரத்தில் ஊறிய ஒரு வரைநோட்டு. அட்டையில் இருந்த பெயரை ரேஞ்சரம்மா இரண்டு முறை படித்தாள். நேற்று அவள் வீட்டுக்கு அனுப்பிய பெயர்.

டிராயிங் டீச்சருக்கு ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

விசாரணைக்கு வந்த அதிகாரி பதிவேட்டை ரேடியோவின் முன்னால் திருப்பி வைத்தார். "இந்த டிக்கைப் போட்டது யார்?"

ரேடியோ குனிந்து வெகுநேரம் பார்த்தார். பென்சில் டிக்கில் யார் கையென்று என்ன தெரியும்? "நான்தான் போட்டிருப்பேன் சார். தினமும் போடறதுதானே," என்றார்.

பொய் சொல்லவில்லை அவர். அப்படித்தான் நம்பினார். பக்கத்து நாற்காலியில் இருந்த ரேஞ்சரம்மா வாயைத் திறந்தாள். அதிகாரி அவள் பக்கம் திரும்பி, "உங்களை வேற சிரமப்படுத்திட்டோம். நீங்க போகலாம் மேடம். நல்ல காரியம் பண்ணினீங்க," என்றார். அவள் எழுந்து போனாள். அந்த மாதமே ரேடியோவை வேலையிலிருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். 'வீட்டுக்கு அனுப்பிட்டாங்க' என்று யாரோ வராந்தாவில் சொன்னபோது, அந்தச் சொல்லைக் கேட்டு ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

கிளார்க் விழாவைப் பற்றிச் சொன்ன அந்த வாரம், புதன்கிழமை அவளுக்கு விடுமுறை. பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால் இருந்த சாவிக் கடைக்குப் போனாள். பலகையில் வரிசை வரிசையாக ஆணியடித்து, வெட்டாத சாவிகளைத் தொங்கவிட்டிருந்தார் ரேடியோ. இந்தப் பதினேழு வருடத்தில் ஏழு தடவை அவள் இங்கே வந்திருக்கிறாள். ஏழு தடவையும் சொல்ல வந்து, சொல்லாமல், கையிலிருந்த ஏதோ ஒரு சாவிக்கு நகல் எடுத்துக்கொண்டு திரும்பியிருக்கிறாள். வீட்டில் சாமான் அறைக்கு மட்டும் ஏழு சாவி.

"யாரு, ரேஞ்சரம்மாவா? வாங்க, வாங்க. மறுபடியும் சாவி தொலைஞ்சுதா?"

"இல்லண்ணே."

"அதானே. தொலைச்சவங்க ஓடி வருவாங்க. நீங்க என்னமோ பொண்ணு பாக்க வர்ற மாதிரி தயங்கித் தயங்கி வர்றீங்க. உக்காருங்க. ரிட்டயர்மென்ட்டாமே? இனிமே மரமெல்லாம் நிம்மதியா மூச்சு விடும்."

அவர் ஒரு சாவியை இடுக்கியில் வைத்து எந்திரத்தை ஓட விட்டார். பித்தளைத் தூள் பறந்தது. அந்தச் சத்தத்துக்குள் சொல்லிவிடுவது சுலபம் என்று தோன்றியது.

"அண்ணே, அந்த டிக்கை நீங்க போடல. நான்தான் போட்டேன்."

"எந்த டிக்கு?"

"டிராயிங் டீச்சருக்கு."

எந்திரம் நின்றது. அவர் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் துடைத்து, திரும்ப மாட்டிக்கொண்டார். பிறகு சிரித்தார். "போங்க ரேஞ்சரம்மா. வேலையை விட்டுப் போறப்ப எல்லாருக்கும் இப்படித்தான். செய்யாததெல்லாம் செஞ்ச மாதிரி தோணும். நான் போட்டது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. பென்சில் முனை உடைஞ்சுது. நகத்தால சீவி டிக் போட்டேன்."

"நீங்க பின்பக்கம் சங்கிலி போடப் போயிருந்தீங்க. நான் மட்டும்தான் இருந்தேன். பென்சில் உடையல."

அவர் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. கண் மட்டும் மாறியது. தன் வலது கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். பித்தளைத் தூள் ஒட்டியிருந்தது.

"அப்ப இது யாரோட ஞாபகம்?" என்றார். அவளைக் கேட்டதாகத் தெரியவில்லை.

அவள் வேகவேகமாகச் சொன்னாள். மகளுக்கு அன்றைக்குக் கடுமையான காய்ச்சல், வீட்டில் ஒருவரும் இல்லை, ஓட வேண்டியிருந்தது, விசாரணையில் வாயைத் திறந்தேன், அதிகாரி போகச் சொல்லிவிட்டார், அப்புறம் ஒவ்வொரு நாளும். வாய் தானாகப் பேசியது. பதினேழு வருடமாக மனசுக்குள் சொல்லிச் சொல்லி மழமழவென்று தேய்ந்துபோன வாக்கியங்கள்.

ரேடியோ முழுதும் கேட்டார். அவள் குறுக்கீடு இல்லாமல் அவரிடம் பேசியது அதுவே முதல் தடவை.

"வேலை போனதை விடுங்க," என்றார் கடைசியில். "எனக்கு இந்தக் கடை நல்லாத்தான் இருக்கு. மாசத்துல ரெண்டு சனிக்கிழமை நான் டீச்சர் வீட்டுக்குப் போறேன், தெரியுமா உங்களுக்கு? பதினேழு வருஷமா. படியை இடிச்சுச் சறுக்கு கட்டிக் கொடுத்தது நான். குழாய், ஃபியூஸ், பரண்ல ஏறுறது எல்லாம் நான். என் வீட்டுக்காரி கேலி பண்ணுவா, 'சின்ன வீட்டுக்குக் கிளம்பியாச்சா'ன்னு. முதல் ஒரு வருஷம் அவங்க என்னை வாசல்லயே நிக்க வெச்சாங்க. நின்னேன். நான் பண்ணின தப்புக்கு நான் நிக்கணும்ல?" அவர் வலது கையைச் சட்டையில் துடைத்தார். "அந்தம்மா அந்தக் கட்டைக் காலை மாட்டிக்கிட்டு எழுந்திரிக்கறதைப் பாக்கறப்பல்லாம் என் கையை வெட்டிப் போட்டுடலாமான்னு இருக்கும். உங்க கையை நெனச்சு நான் என் கையை வெறுத்திருக்கேன்."

"அண்ணே..."

"அண்ணேன்னு கூப்பிடாதீங்க. கொஞ்ச நாளைக்குக் கூப்பிடாதீங்க." அவர் பாதி வெட்டிய சாவியை இடுக்கியிலிருந்து எடுத்தார். மறுபடி வைத்தார். "இந்தச் சனிக்கிழமை நான் போகல. நீங்க போங்க. போய் இதை அவங்ககிட்ட சொல்லுங்க. நான் சொன்னா, பழியை உங்க தலைல தள்ளிவிடறேன்னு இருக்கும்."

அன்று மாலை அவள் மகளுக்குப் போன் செய்தாள். மகள் வேறு ஊரில் குடும்பத்தோடு இருக்கிறாள். எல்லாவற்றையும் சொன்னாள். மறுமுனையில் குக்கர் விசில் அடித்தது.

"அம்மா, அந்தக் காய்ச்சல் அப்ப வரல," என்றாள் மகள்.

"வந்துது. உனக்கு உடம்பு அனலாக் கொதிச்சுது. நான் ஓடி வந்து..."

"அது பப்ளிக் எக்ஸாமுக்கு முன்னாடி. டீச்சர் விழுந்தது அதுக்கு ஆறு மாசம் முன்னாடி. அந்த வாரம் நான் ஊர்லயே இல்லம்மா. ஸ்கூல்ல டூர் கூட்டிட்டுப் போயிருந்தாங்க. பேப்பர்ல உன் போட்டோ வந்திருக்குன்னு பஸ்ல எல்லாரும் காட்டினாங்க. எவ்வளவு பெருமையா இருந்துது தெரியுமா எனக்கு?" மகள் குரலைத் தணித்தாள். "காய்ச்சலை நீயா கொண்டுவந்து வெச்சிருக்கியாம்மா?"

போனை வைத்தபிறகு ரேஞ்சரம்மா வெகுநேரம் சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். பென்சில் முனை உடைந்ததாக ரேடியோவுக்கு ஒரு ஞாபகம். அது அவரைக் குற்றவாளியாக்கிய ஞாபகம். குழந்தைக்குக் காய்ச்சல் கண்டதாக அவளுக்கு ஒரு ஞாபகம். அவரவர்க்கு வேண்டியதை அவரவர் செய்துகொண்டிருக்கிறார்கள், ஆனால் அவர் எவ்வளவு கஷ்டமானதைத் தேர்ந்தெடுத்தார் என்று நினைத்தாள். காய்ச்சலை எடுத்துவிட்டால் அந்த ஐந்தரை மணியில் என்ன மிச்சம் இருக்கிறது? நினைவை அங்குலம் அங்குலமாக நடந்து தேடினாள். வாசல் அறை. சன்னலில் மஞ்சள் வெயில். பதிவேடு. வீட்டில் அவளுக்காக ஒருவரும் காத்திருக்கவில்லை. இவ்வளவுதான். அதற்கு மேல் தேட அவளுக்குத் துணிவில்லை.

சனிக்கிழமை பத்து மணிக்கு டீச்சர் வீட்டு வாசலில் நின்றாள். வரிசை வீடுகளில் கடைசி. ரேடியோ கட்டிய சறுக்கில் சிமெண்ட் சற்றே வெடித்த இடத்தையும் அவரே பூசியிருந்தார். கதவைத் திறந்த டீச்சருக்கு ஒரு கணம் அடையாளம் தெரியவில்லை. தெரிந்ததும் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"நீங்களா! ஐயோ, விழாவுக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கே? வாங்க, உள்ள வாங்க. அவர் வர்ற நாளாச்சேன்னு பாத்தேன். உங்களை அனுப்பிட்டாரா?"

"ஆமா. அவர்தான் அனுப்பினார்."

கூடத்தில் நாலைந்து சின்ன மேசைகள். சனி மதியம் பிள்ளைகள் வரைய வருவார்களாம். டீச்சர் சுவரைப் பிடிக்காமல், இடுப்பை லேசாகச் சாய்த்து நடந்து, ஒரு நாற்காலியிலிருந்த தாள்களை அள்ளி இடம் செய்தாள். "விழாவுல பேச எழுதி வெச்சிருக்கேன். 'விடிஞ்சும் யாரும் வரமாட்டாங்கன்னு முடிவு பண்ணினப்ப ஒரு பூட்ஸ் சத்தம் கேட்டது'ன்னு ஆரம்பிக்கறேன். நல்லாருக்கா?"

"டீச்சர், அதைப் பேசாதீங்க."

அவள் உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னாள். இந்தத் தடவை வாக்கியங்கள் மழமழவென்று வரவில்லை. தடுக்கித் தடுக்கி வந்தன. உங்கள் பெயருக்கு எதிரே இருந்த காலிக் கட்டத்தில் டிக் போட்டது நான். ஓடைப் பாதையில் அன்றைக்கே நடந்து வந்திருக்க வேண்டியவள் நான். வாசல்காரர் அப்போது அங்கே இல்லவே இல்லை.

டீச்சர் மெல்ல உட்கார்ந்தாள். கையிலிருந்த தாள்களை மடியில் வைத்து, ஓரங்களைத் தட்டித் தட்டி நேராக்கினாள். நேரான பிறகும் தட்டிக்கொண்டிருந்தாள்.

"அஞ்சரை மணிக்கு எனக்கு நல்ல நினைவு இருந்துது," என்றாள். "கதவு மூடற நேரம், யாராவது பாத்துட்டு வருவாங்கன்னு தைரியமா இருந்தேன். ஆறு மணிகூட ஆச்சு. அப்பவே வந்திருந்தா காலைக் காப்பாத்தியிருக்கலாம்னு டாக்டர் சொன்னார். வாசல்காரர்கிட்ட நான் அதைச் சொல்லியிருக்கேன். முகத்துக்கு நேரா, எத்தனையோ தடவை. கோபம் வந்தா அதைத்தான் சொல்லுவேன். தலையைக் குனிஞ்சு கேட்டுக்குவார்." அவள் நிமிர்ந்தாள். "அன்னிக்கு அப்படி என்ன அவசரம் உங்களுக்கு?"

இதை இதுவரை ஒருவரும் அவளிடம் கேட்டதில்லை. அவளேகூடக் கேட்டதில்லை. கேட்காமலிருக்கத்தான் ஒரு குழந்தைக்குக் காய்ச்சலை வரவழைத்தாள். இப்போதும் நாக்கின் நுனியில் அந்தக் காய்ச்சல் தயாராக நின்றது. சொன்னால் டீச்சர் நம்பிவிடுவாள். கொஞ்சம் இளகக்கூடச் செய்வாள். மஞ்சள் வெயில் விழுந்த அந்த அறையை ரேஞ்சரம்மா கடைசியாக ஒரு முறை பார்த்தாள். அதில் நிற்கிறவளைப் பார்த்தாள். அவள் ஒரு குதிகாலைத் தரையில் ஊன்றாமல் தூக்கி நின்றுகொண்டிருந்தாள்.

"ஒண்ணுமில்ல டீச்சர்," என்றாள். "காலைலேர்ந்து நடந்திருந்தேன். கால் வலிச்சுது."

"கால் வலிச்சுது," என்றாள் டீச்சர், மாணவன் தப்பாகச் சொன்ன சொல்லைத் திருப்பிச் சொல்லிப் பார்ப்பவள் போல. மடியிலிருந்த தாள்களில் மேலே இருந்ததை எடுத்து நான்காக மடித்தாள். பேச எழுதி வைத்திருந்த தாளாக இருக்க வேண்டும். மடித்ததை அவளிடம் கொடுக்கவுமில்லை, கிழிக்கவுமில்லை.

"விழாவுக்கு வரேன்னு உங்க ஆபீஸ்ல சொல்லிட்டேன். ஏன் வரலேன்னு அவங்க கேட்டா என்ன சொல்லணும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க."

"நானே சொல்லிடறேன். நடந்ததை."

"சொல்லுங்க. சொல்லாம இருங்க. அது உங்க பாடு." டீச்சர் எழுந்தாள். எழும்போது நாற்காலிக் கையை இறுகப் பிடித்தாள். ரேஞ்சரம்மாவின் கை தானாக நீண்டது. டீச்சர் அதைப் பார்த்தாள். கை திரும்பிப் போனது. "அவர்கிட்ட மட்டும் ஒண்ணு சொல்லுங்க. அடுத்த தடவை கட்டாயம் வரணும். தப்பு அவருதுன்னு நெனச்சு ஒரு வருஷம் வாசல்ல நிக்க வெச்சேன். நான் போய் அவர் வாசல்ல நிக்கணும் இப்ப. இந்தக் காலோட அவ்வளவு தூரம் முடியாது. அதனால அவரே வரட்டும்."

"சொல்றேன்."

வாசல்வரை டீச்சர் வந்தாள். யார் வந்தாலும் வாசல்வரை வருகிற பழக்கம் போலிருக்கிறது. கதவு நிலையில் கை வைத்து நின்றாள். ரேஞ்சரம்மா செருப்பை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தாள், எதற்கென்று தெரியாமல் காத்திருந்தாள்.

"'போயிட்டு வாங்க'ன்னு சொல்ல எனக்கு வாய் வரல," என்றாள் டீச்சர். "போங்க."

அவள் சறுக்கில் இறங்கினாள். படிகளுக்குப் பழகிய கால் அந்தச் சரிவில் எங்கே ஊன்றுவது என்று தெரியாமல் தடுமாறியது. பக்கச் சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு அடியாக எடுத்துவைத்து, தெருவுக்கு வந்து சேர்ந்தாள்.